டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

வீட்டில் ஸ்கேல் இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே டிவி ஸ்டாண்டுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிற டிவிடி டப்பா ஒன்றையும் உருவி எடுங்கள். டப்பாவின் கனம் 14 மில்லி மீட்டர். உள்ளே இருக்கிற டிஸ்க்கின் கனம் எவ்வளவு தெரியுமா? 1.2 மில்லி மீட்டர். பன்னிரண்டில் ஒரு பங்கு. மீதியெல்லாம் கொஞ்சம் பிளாஸ்டிக், ஒரு தாள், நிறையக் காற்று.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் மனசு தன்னால் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். 600 படம் வைத்திருக்கிற ஒரு சினிமாப் பைத்தியத்தை எடுத்துக்கொள்வோம். 600 டப்பாவை வரிசையாக நிறுத்தினால் 8.4 மீட்டர் நீளம். மூணடி அகலத் தட்டு ஒன்பது நிரம்பி, பத்தாவதிலும் கொஞ்சம் வழியும். ஆக, ஐந்து தட்டு ஷெல்ஃப் இரண்டு வேண்டும். ஒன்று மூணுக்கு ஒண்ணு என்றால் இரண்டும் சேர்ந்து ஆறு சதுர அடி. சென்னையில் சதுர அடி எட்டாயிரம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 48,000 ரூபாய் ஆச்சு. அந்தப் படங்களின் விலை? 2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று கூவிக் கூவி விற்றது ஞாபகம் இருக்கும். அந்த ரேட்டில் 600 டிவிடியும் சேர்ந்து 20,400 ரூபாய்தான்.

சரக்கைவிட குடோன் செலவு ஜாஸ்தி. எந்த வியாபாரியும் ஒரே நாளில் கடையை மூடிவிடுவான்.

இவ்வளவு பெரிய டப்பா எதற்கு? கடைக்காக. பழைய விஎச்எஸ் கேசட் டப்பாவும் ஏறக்குறைய இதே உயரம்தான். கேசட் அடுக்கிய அதே ஸ்டாண்டில் டிவிடியையும் நிறுத்தலாம், கஸ்டமர் தள்ளி நின்றே முதுகில் இருக்கிற தலைப்பைப் படிக்கலாம், எளிதில் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டவும் முடியாது. எல்லாமே கடைக்காரருக்கு வசதி. நாம் படத்தை வாங்கினோம். கூடவே அவருடைய ஷோகேஸையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தோன்றக் காரணம், என்னோடு கல்லூரியில் படித்த ஒரு நண்பன். மேற்கு மாம்பலத்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், படிக்க ஒரு மேஜை போட வேண்டும். மேஜை போட வேண்டிய சுவரில் இரண்டு ஷெல்ஃப், தரையிலிருந்து உச்சி வரை டிவிடி. எல்லாம் அவனுடைய அப்பா வாங்கியவை. ரிட்டயர் ஆனபின் மாசம் பிறந்து பென்ஷன் வந்ததும், காய்கறிப் பையோடு நாலைந்து டிவிடியும் வீட்டுக்கு வருமாம். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது.

"ஏங்க, இருக்கிறவங்களுக்கு இடம் வேணாமா?" என்று அவன் மனைவி கேட்டாராம். கேள்வியில் தப்பே இல்லை. ஆனால் அவனுக்குத் தொண்டையில் முள் மாட்டிய மாதிரி ஆகிவிட்டது. எனக்கு போன் போட்டான். "இடத்தையும் மிச்சம் பிடிக்கணும், அப்பாவையும் தூக்கிப் போட்ட மாதிரி இருக்கக் கூடாது. ஒரு வழி சொல்லுடா."

வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இடம் குறையக் குறைய வேறு எதெது கூடவே குறைகிறது என்பதையும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

முதல் வழி, மெல்லிய டப்பா. 7 மில்லி மீட்டரில் கிடைக்கும். 600 படம் 4.2 மீட்டருக்குச் சுருங்கும். பாதி இடம் மிச்சம். பழைய அட்டைப் படத்தின் முதுகை மட்டும் மடித்துச் சொருகலாம். பார்வைக்கு எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் 600 டப்பா காசு கொடுத்து வாங்க வேண்டும்.

இரண்டாவது, டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு உறையில் போடுவது. டிஸ்க்கை மட்டும் அடுக்கினால் 600-ம் சேர்ந்து வெறும் 72 சென்டி மீட்டர். உறையோடு என்றாலும் ஒன்றரை மீட்டர் இருந்தால் தாராளம். ஒரே ஒரு ஷெல்ஃபில் இரண்டு தட்டு போதும். டிஸ்க் ஒரு பக்கம், மடித்த அட்டைத்தாள் இன்னொரு பக்கம் என்று இரட்டை உறையும் உண்டு. கெட்டி ஆல்பத்தில் செருகி வைப்பதும் இதே வகைதான்.

இதில் சில நியாயங்கள் உண்டு. மலிவான, வழவழ பிவிசி உறையில் வருஷக்கணக்கில் கிடந்தால் டிஸ்க் அதோடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய துணி மாதிரி உள்பக்கம் இருக்கிற பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது. ஆல்பத்தைத் திணித்துத் திணித்து உப்ப வைக்கக் கூடாது. படுக்கப் போட்டு ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வைக்க வேண்டும். தொடும்போது ஓரத்தையும் நடு ஓட்டையையும் மட்டும் பிடிக்க வேண்டும். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது.

நம்ம ஊரில் இந்த முறையைப் பிரபலப்படுத்தியது யார் தெரியுமா? பர்மா பஜார். திருட்டு டிவிடிக்கு ஏது டப்பா? மெல்லிய பிளாஸ்டிக் கவர், அதற்குள் கலர் ஜெராக்ஸ் ஒன்று. இடத்தை அடைத்துக்கொண்டு நின்றதெல்லாம் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல்தான். நேர்மை கொஞ்சம் இடம் கேட்கும் போலிருக்கிறது.

மூன்றாவது வழியில் ஷெல்ஃபே வேண்டாம். எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுவது. ஒரு டிவிடியின் ஓர் அடுக்கில் 4.7 ஜிபி. 600 டிஸ்க்கும் முழுசாக நிரம்பியிருந்தால் 2,820 ஜிபி. இரட்டை அடுக்கு டிஸ்க் கொஞ்சம் இருந்தாலும் நாலு டெராபைட் போதும். இரண்டு ஷெல்ஃப் சட்டைப் பைக்குள் வந்துவிடும். அப்புறம் டிஸ்க்கை எல்லாம் விற்றுவிடலாம். நண்பனின் ஆபீஸ் சகா ஒருவர் கொடுத்த யோசனை இது.

இங்கேதான் என் பி.காம். மூளை முரண்டு பிடிக்கிறது. இதில் சட்டம் என்ன சொல்லும் என்பது வக்கீல்கள் பேச வேண்டியது. நான் கேட்பது சாதாரணக் கணக்குப்பிள்ளை கேள்வி. டிஸ்க்கை விற்றுக் காசு வாங்கியாச்சு. படமோ இன்னமும் வீட்டில் இருக்கிறது. விற்ற சரக்கு குடோனிலும் இருந்தால் ஆடிட்டர் என்ன சொல்வார்? விற்றது நிஜமா, வைத்திருப்பது நிஜமா? இரண்டில் ஒன்று பொய்க்கணக்கு. பத்திரத்துக்கு ஒரு காப்பி எடுத்து, மூலத்தையும் வைத்துக்கொள்வது வேறு. மூலத்தைக் காசாக்கிவிட்டு நகலை அனுபவிப்பது வேறு. இரண்டாவதை நாம் 'இட மிச்சம்' என்று சொல்லிக்கொள்கிறோம். பர்மா பஜார்க்காரர் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாலாவது வழி, இப்போது எல்லோரும் சொல்வது. "இந்தக் காலத்துல டிஸ்க்கா? எல்லாந்தான் ஆன்லைன்ல இருக்கே!" இடம் பூஜ்யம், தூசி பூஜ்யம், துடைக்கிற வேலை பூஜ்யம். கேட்க ஆனந்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் நமக்குச் சொந்தமாக இருப்பது எது?

2009 ஜூலையில் அமேசான் ஒரு காரியம் செய்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலைக் கிண்டிலில் காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிக்குள்ளிருந்து, அவர்களுக்குத் தெரியாமலேயே அழித்துவிட்டது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். இருந்தாலும், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ராத்திரி வீட்டுக்குள் வந்து அலமாரியைத் திறக்கலாமா? 2023 டிசம்பரில் சோனி, பிளே ஸ்டேஷனில் ஜனங்கள் விலை கொடுத்து 'வாங்கிய' டிஸ்கவரி நிகழ்ச்சிகள் வருஷக் கடைசியோடு காணாமல் போகும் என்று அறிவித்தது. பிறகு ஒப்பந்தம் மாறியது, குறைந்தது 30 மாதம் இருக்கும் என்றார்கள். வாங்கிய பொருளுக்கு 30 மாதம் தவணை! கலிஃபோர்னியா மாநிலம் இதற்கென்றே சட்டம் போட்டு, 2025 ஜனவரி முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. கொடுப்பது வெறும் அனுமதிதான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற வார்த்தையைப் பட்டனில் போடக் கூடாது. ஒரு சாதாரண வினைச்சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு தேவைப்படுகிற காலம் இது.

சரி, 'என்னுடையது' என்றால்தான் என்ன?

இதற்கு 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு பதில் கிடைத்தது. ஒரு பதிப்பாளர் தன் நாவலின் உள்ளே, இதை ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று அச்சடித்திருந்தார். மேஸீஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கு நடந்தது. ஒருமுறை விற்றுவிட்டால், அந்தப் பிரதியை வாங்கியவர் என்ன விலைக்குக் கைமாற்றுகிறார் என்பதில் பதிப்பாளருக்கு வேலை இல்லை என்று தீர்ப்பு. எழுத்து எழுதியவனுடையது, ஆனால் அந்தப் பிரதி வாங்கியவனுடையது.

நெட்ஃபிளிக்ஸ் ஆரம்பித்தது இந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான். 1998-லிருந்து அவர்கள் டிஸ்க்கைத் தபாலில் அனுப்பினார்கள். டப்பா கிடையாது. ஒரு மெல்லிய உறை, மேலே சிவப்புக் கவர். 1.2 மில்லி மீட்டர் கனம் என்பதால்தான் கடிதம் மாதிரி அனுப்ப முடிந்தது. கேசட்டை அனுப்பியிருந்தால் தபால் செலவே கம்பெனியை முழுங்கியிருக்கும். 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி அந்தச் சேவையை மூடும்வரை 520 கோடிக்கும் மேல் டிஸ்க் போய் வந்திருக்கிறது. கடைசியாகக் கையில் இருந்ததைத் திருப்பித் தர வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதே கம்பெனி இன்று இணையம் வழியாக அனுப்புகிற படத்தை நீங்கள் பக்கத்து வீட்டு மாமிக்கு இரண்டு நாள் இரவல் கொடுக்க முடியுமா? பாஸ்வேர்டைக் கூடக் கொடுக்கக் கூடாது என்கிறார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு பொருள் நம்முடையதா இல்லையா என்பதற்கு ரசீது சாட்சி இல்லை, ஷெல்ஃபும் சாட்சி இல்லை. அதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமா என்பதுதான் சாட்சி. நிறையச் சேர்த்துவிட்டுத் தானும் அனுபவிக்காமல் பிறருக்கும் கொடுக்காமல் இருக்கிற ஆசாமிக்காகவே திருவள்ளுவர் 'நன்றியில் செல்வம்' என்று தனியாக ஓர் அதிகாரம் ஒதுக்கினார். இன்றைக்கு இருந்தால், கொடுக்க மனசு இருந்தும் கொடுக்க முடியாதபடி வாங்கி வைத்திருக்கிறவனுக்காக இன்னொரு அதிகாரம் எழுத வேண்டியிருக்கும்.

நண்பனிடம் வருகிறேன். கடைசியில் அவன் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தான். உறை வாங்கிக்கொண்டு வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து டப்பாக்களைப் பிரிக்க ஆரம்பித்தான். டிஸ்க் உறைக்குள், டப்பா சாக்குப் பைக்குள். நாலைந்து டப்பா போனதும் மகள்தான் கவனித்திருக்கிறாள். அட்டைத்தாளை உருவினால் பின்பக்கம் தாத்தாவின் கையெழுத்து. பால்பாயின்ட் பேனாவில், பொடி எழுத்தில். வாங்கிய தேதி. பார்த்த தேதி. அதற்குக் கீழே, 'மாடி வீட்டு டீச்சர் - 12.6.2011 - வந்தது 20.6'. 'இஸ்திரி போடுபவர் - 3.9.2012 - வந்தது'. 'வாட்ச்மேன் - 2013 பொங்கல் - வரவில்லை, கேட்க வேண்டாம்'.

மனிதர் ஒரு லெண்டிங் லைப்ரரியே நடத்தியிருக்கிறார். பேரேடு டப்பாவுக்குள்!

பன்னிரண்டில் பதினோரு பங்கு காற்று என்று நாம் மேலே போட்ட கணக்கு அளவில் சரி. ஆனால் அந்தக் காற்றுக்குள் ஒரு தாள் இருந்தது. மில்லி மீட்டர் கணக்கில் அது வரவே வராது.

இப்படி நடப்பது புதிதில்லை. 1933-ல் வெளிவந்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படம், நாவலின் உரிமை யாருக்கு என்கிற வழக்கில் மாட்டி முடங்கிப் போனது. பிரதி பதிப்பாளரின் கிடங்குக்குப் போனது. நாற்பது வருஷம் யாருக்கும் உபயோகமில்லாமல் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்ததை 1974-ல் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்டது. தென்னிந்திய மௌனப் படங்களில் இன்று நம் கையில் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடியவை, அதில் இது ஒன்று. தமிழ்நாட்டில் முதன்முதலாக எடுத்த 'கீசக வதம்' இல்லை. முதல் பேசும் படமான 'காளிதாஸ்' இல்லை. அந்தக் காலத்தில் பழைய ஃபிலிம் சுருளைக் காய்ச்சி வெள்ளி எடுத்தார்கள். இடமும் மிச்சம், வெள்ளியும் லாபம். படம்தான் நஷ்டம்.

அதற்காக எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் பரணில் இருக்கிற பழைய ஸ்டவ்வுக்கும் ஒரு வரலாறு இருக்கும். பத்தாம் வகுப்புப் பெண்ணின் மேஜைக்கு உள்ள நியாயம் எந்த டப்பாவுக்கும் கிடையாது. பிளாஸ்டிக் போகட்டும், அது கடைக்காரருடையது. ஆனால் போகிறது என்ன என்று திறந்து பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். அந்த மரியாதை மட்டும் பாக்கி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு கல்யாண டிவிடி இருக்கும். ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்தது. கடையில் வாங்கிய படம் ஃபாக்டரியில் அச்சடித்தது, பத்திரமாக வைத்தால் ரொம்ப நாள் தாங்கும். எழுதிக் கொடுத்த டிஸ்க்கோ சாயத்தில் பதிந்தது. வெளிச்சம், சூடு பட்டால் சாயம் மங்கும், ஒருநாள் ஓடாது. சூப்பர் ஹிட் படம் எங்கே வேண்டுமானாலும் திரும்பக் கிடைக்கும். உங்கள் தாத்தா பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்தது வேறு எங்கேயும் கிடைக்காது. அதை இந்த வாரமே இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, ஒன்றைத் தங்கை வீட்டுக்கோ அண்ணன் வீட்டுக்கோ அனுப்பி வையுங்கள். வேலை செய்கிற டிவிடி பிளேயர் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். எல்ஜி கம்பெனியே 2024-ல் ப்ளூரே பிளேயர் செய்வதை நிறுத்திவிட்டது. பூட்டை வைத்துக்கொண்டு சாவியைத் தொலைத்த கதையாகிவிடும்.

நண்பன் என்ன செய்தான்? அட்டைத்தாளை எல்லாம் மடித்து டிஸ்க்கோடு உறையில் வைத்தான். டப்பா மொத்தமும் பழைய பேப்பர்க்காரரிடம் போனது. அதற்கப்புறம் அவன் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. பேரேட்டைப் பார்த்தான். யார் எந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப வாங்கிப் போயிருக்கிறார்களோ, அதை அவர்களுக்கே கொடுக்க ஆரம்பித்தான். அட்டைத்தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு டிஸ்க்கைக் கொடுத்தான். மாடி வீட்டு டீச்சருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஏழு படம் கொண்டுபோய்க் கொடுத்தானாம். "உங்கப்பா திருப்பிக் கேட்க மாட்டாரேன்னு ஒருநாள்கூட நான் லேட் பண்ணினதில்லை தம்பி" என்றாராம்.

600-ல் இப்போது நானூற்றுச் சொச்சம் மிச்சம். ஷெல்ஃபில் இரண்டு தட்டுகூட நிரம்பவில்லை. மேஜை போட்டாச்சு. கொடுத்த டிஸ்க்குக்கு அவன் வீட்டில் ஒரு மில்லி மீட்டர்கூட இடம் தேவையில்லை, ஆனால் அவை யார் வீட்டில் இருக்கின்றன என்று அவனுக்குத் தெரியும்.

எந்த அக்கவுண்டன்சி புத்தகத்திலும் இல்லாத கணக்கு இது. கொடுத்ததைச் செலவுப் பக்கம் எழுதச் சொல்லித்தான் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அந்தப் பெரியவர் வரவுப் பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.